நூறுக்கு முழுசாக்கிய காய்ச்சல்

சூரத், 12.8.2004

பாசமுள்ள மாரித்தாய் அக்காவுக்கு, சூரத் மாநகரையே ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் தம்பி பாண்டிராஜின் வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தில்தான் எனக்குப் பலத்த சந்தேகம்.

உங்கள் மகள் இசைவாணிக்குப் போன கடிதத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். என் அறையில் கொசு 4,98,763. லட்சத்துக்கு முழுசாக்கினால் எவ்வளவு? ஐந்து லட்சம் என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். அதன் கீழே, 'அம்மாவுக்குக் காய்ச்சல் நூறு டிகிரிதான் மாமா' என்றும், ஓரத்தில் பொடி எழுத்தில் 'நூறுக்கு முழுசாக்கியது' என்றும் இருக்கிறது.

அக்கா, நூற்று நாலை அப்படி முழுசாக்கினாலும் நூறுதான்! "நூறுன்னே எழுதுடீ, ஒம் மாமன் பயந்துருவான்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். பிள்ளைக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. இந்த லட்சணத்தில் தீபாவளி ஆர்டர் என்று பட்டாசுக் கம்பெனிக்கு வேறு போகிறீர்களோ?

ஏத்தா இசைவாணி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறவளும் நீதானே? இதை மட்டும் மனசுக்குள் வாசி. முழுசாக்காமல், ஒன்றின் இடத்து இலக்கம்வரை அப்படியே எழுது. நூற்று மூன்றைத் தாண்டினால் கடிதம் வேண்டாம். நான் வேலை பார்க்கும் மில்லுக்குப் போன் போடு, மாமா ரயிலேறி வந்துவிடுகிறேன்.

இனிச் சத்தமாக வாசிக்கலாம். அக்கா, சாத்தூர்ச் சேவு கால் கிலோ அனுப்புங்கள். இங்கே பருப்பில்கூடச் சர்க்கரை போடுகிறார்கள். மில் சங்கு ஊதிவிட்டது.

பாண்டிராஜ்