சாவி கொடுக்காத நாலு மாசம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் உன் அக்காவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

கைக்கடிகார விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என் எழுபது வயசுக்கு நீ அனுப்பினாயே, அது மறுநாளே நின்றுபோனது. பழுதான சாமானை மருமகள் பார்த்து எடுத்துக் கிழவி தலையில் கட்டிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னேன், ஞாயிறுதோறும் அவள் கூப்பிட்டபோது நான் குளிப்பதாக அக்காவைச் சொல்லச் சொன்னேன். அத்தனை குளியல் குளித்த மனுஷி ஊரிலேயே நான்தான். இப்போது மூன்று வாரமாக அவளும் கூப்பிடுவதில்லை.

நேற்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வாட்ச் கடைக்குப் போனேன். இது போலி என்று கடைக்காரர் வாயால் கேட்டு உனக்கு எழுத வேண்டும் என்பதுதான் ஆசை. அவரோ பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், இவ்வளவு உயர்ந்த ரகம் தன் கடைக்கு வந்ததே இல்லை என்றார், ஓரத்துத் திருகை இருபது தரம் திருகினார், ஓடிவிட்டது. "பாட்டி, இதுல பேட்டரியே கிடையாது. தினம் சாவி குடுக்கணும். எத்தனை மாசமா பட்டினி போட்டீங்க?" என்றார். உன் அப்பாவின் சுவர்க்கடிகாரத்துக்கு இருபத்தாறு வருஷம் சாவி கொடுத்த கை இது. அதைவிட மானக்கேடு, பார்சல் வந்த அன்றே மருமகள் போனில் இதைச் சொன்னாளாம், அக்கா அடித்துச் சொல்கிறாள். உன் கல்யாணத்தில் அவள் அம்மா எனக்கு நாற்காலி போடாததை நான் அந்நேரம் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

வெறும் வெள்ளை முகம், மெல்லிசான நீல முள், ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவளும் நான்தான். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே மயிரிழைச் சுருள் ஒன்று மூச்சு விடுகிறது, சக்கரங்களுக்கு நடுவே கடுகளவு சிவப்புக் கற்கள். இதைச் செய்தவன் யார் கண்ணும் படாத இடத்தில் கல் பதித்திருக்கிறான். நானாக இருந்தால் வாசலில் பதித்து விளக்கும் போட்டிருப்பேன். இன்று காலை சாவி கொடுத்துக் காதில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன், பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அக்காவிடம் திட்டும் வாங்கியாயிற்று.

வரும் ஞாயிறு நானே மருமகளைக் கூப்பிடுவேன், எடுக்கச் சொல். மன்னிப்புக் கேட்டு என் வாய்க்குப் பழக்கமில்லை. வார்த்தை வராவிட்டால் கடிகாரத்தைப் போனில் வைப்பேன், அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டு மிச்சத்தை அவளே புரிந்துகொள்ளட்டும்.

நோய்நொடி இல்லாமல் மூவரும் நிறைவாக இருங்கள். பேத்தியின் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்ட மறந்துவிடாதே.

உன் அம்மா