முகப்பில் சொல்ல வேண்டியது

காரைக்கால்
15.6.2025

அன்புள்ள மச்சானுக்கு, ஷஃபீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மெயிலில் போய் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் உங்கள் பக்கம் அறைக்காரர்கள், என் பக்கம் மாமியும் நம் பாப்பாவும். "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வகுப்பில் தமிழ் டைப்பிங் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அதை உங்களுக்கு எழுதியே பழகுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் வராததில் பாப்பாவுக்குக் கோபம் தீரவில்லை. உங்க அத்தாதான் ஸ்டோர்கீப்பர், அவர் இல்லாவிட்டால் கம்பெனியில் ஒரு ஆணிகூட வெளியே போகாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெப் டிசைன் வகுப்பு நன்றாகப் போகிறது. முதல் பாடமாகக் காரைக்காலைப் பற்றி ஒரு பக்கம் செய்தேன். ஒவ்வொரு தலைப்பும் ஒவ்வொரு நிறம், பின்னால் பெரிய ரோஜாப் பூ, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து. பெருமையாகக் காட்டினேன். வினோதா மிஸ் என்னைவிடச் சின்னவர்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. ஆனா இதுல நான் எதைப் படிக்கணும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து முதலில் ரோஜாவை எடுத்தேன். பிறகு ஓடுகிற எழுத்தை. வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டேன். எழுத்தெல்லாம் மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது. இணைப்பு கீழே இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
ஷஃபீனா

சார்ஜா
24.6.2025

அன்பு ஷஃபீனாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறேன், உடம்புக்கு நல்லதுதானே. அறையில் கூட இருக்கிற இப்ராஹிம் நானாதான் இப்போது சமையல். உப்பைத் தவிர எல்லாம் சரியாகப் போடுகிறார்.

உன் பக்கத்தைப் பார்த்தேன். என் போனில் வலது பக்கம் வெட்டிக்கொண்டு போகிறது, விரலால் இழுத்து இழுத்துப் படித்தேன். இப்ராஹிம் நானா போனிலும் அப்படித்தான். கீழே இருக்கிற மளிகைக் கடை மலையாளியிடம் புதுப் போன் இருக்கிறது, அவர் போனில் வாங்கிப் பார்த்தேன், அதில் சரியாக வந்தது. சாம்பல் நிற எழுத்து வெளிச்சத்தில் தெரியவே இல்லை.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. சந்தோஷமாக இருந்தது. வேலை எப்போதும் போல.

உன்
சேக் பரீது

காரைக்கால்
13.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்னதை அப்படியே வினோதா மிஸ்ஸிடம் சொன்னேன். சின்னத் திரைக்கு முதலில் செய், பிறகு பெரிசாக்கு என்று ஒரு வாரம் முழுக்க அதையே கற்றுக்கொடுத்தார்.

இப்போது உண்மையான வேலை ஒன்று. திருநள்ளாற்றில் தங்கையன் என்பவருடைய லாட்ஜுக்கு வெப்சைட். மிஸ்ஸுக்கு வந்த வேலை, என்னைச் செய்யச் சொன்னார். தங்கையன் அய்யா எடுத்த எடுப்பில், "எங்கப்பா கட்டுன லாட்ஜும்மா. அவரு படம் பெருசா மேல இருக்கணும். கூடவே பாட்டு ஓடணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின நாள் அல்லவா, போன் ஓயவே இல்லை. "ரூம் இருக்குங்க. கோயிலுக்கு நடந்தே போயிடலாங்க. அம்மாவுக்கு முட்டி வலியா? கீழேயே தர்றேங்க." திரும்பத் திரும்ப இதையே சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அய்யா, யாராச்சும் உங்க அப்பாவப் பத்திக் கேட்டாங்களா?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. உள்ளே இருந்த அவர் மனைவி ராசாத்தி அம்மாதான், "அந்தப் பொண்ணு சொல்றது சரிதாங்க. வர்றவங்க கேக்குறத மேல வைக்கட்டும், மாமா படம் கீழ இருக்கட்டும்" என்றார். அறை, தூரம், கீழ்த்தளம், போன் நம்பர். இவ்வளவுதான் இப்போது முகப்பில். பாட்டு இல்லை.

நீங்கள் உங்களைப் பற்றி எழுதவே இல்லை.

உங்கள்
ஷஃபீனா

சார்ஜா
22.7.2025

அன்பு ஷஃபீனாவுக்கு,

லாட்ஜ் பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகவில்லை, மனப்பாடம் செய்து போட வேண்டியிருக்கிறது. அதைப் பார். 'பதிவு செய்ய' என்கிற பொத்தானும் என் விரலுக்குச் சின்னது.

இனிமேல் பழைய நம்பருக்குப் போடாதே, அது கம்பெனி சிம். புது நம்பர் கீழே இருக்கிறது. உம்மாவுக்கு மாத்திரை தவறாமல் கொடு. பாப்பாவை அடிக்காதே. இங்கே ஒன்றும் விசேஷமில்லை.

உன்
சேக் பரீது

காரைக்கால்
3.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நம்பரைத் தொட்டால் இப்போது அழைப்பு போகிறது. பொத்தானையும் பெரிசாக்கிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள். உங்கள் கடிதம் இரண்டுமே செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டோரில் தலை நிமிர நேரமிருக்காது என்பீர்களே, அந்த நேரத்தில் வந்தவை. கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். மளிகைக் கடைக்காரர் போன்வரை வாங்கி என் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். வெயில், உப்பு, மாத்திரை எல்லாம் எழுதுகிறீர்கள். நான் தேடி வருவது மட்டும் அதில் இல்லை.

மச்சான், வேலை இருக்கிறதா இல்லையா?

உங்கள்
ஷஃபீனா

சார்ஜா
5.8.2025

ஷஃபீனா,

இல்லை.

மே மாதக் கடைசியில் ஸ்டோரை மூடிவிட்டார்கள். பத்துப் பேரை அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கேட்காத இடமில்லை. எங்கே போனாலும் வயதைக் கேட்கிறார்கள். பெருநாளுக்கு வராததும் இதனால்தான். வந்தால் திரும்பிப் போக இடமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

கடற்கரையில் நடப்பது உடம்புக்காக இல்லை. பகலில் அறையில் படுத்திருக்கக் கூச்சமாக இருக்கிறது. இரவிலும் தூக்கமில்லை. இப்ராஹிம் நானா ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் இன்னும் கூச்சம். விசாவும் முடியப் போகிறது.

உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்துச் சொல்.

பரீது

காரைக்கால்
6.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

காலையில் படித்தேன். படித்துவிட்டு அழுதேன், ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போய்விட்டது. இரண்டு மாதமாக நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன் தெரியுமா? உங்களுக்கு ஏதோ நோய் என்று நினைத்தேன். அதைவிடக் கெட்டதும் நினைத்தேன், அதை எழுத மாட்டேன். வேலைதானா போனது?

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் நேராகச் சொல்லிவிட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு, "நல்லா இருக்கான்ல?" என்றார்கள். "நல்லா இருக்காங்க மாமி" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். அவன் கொரலே சரியில்லன்னு நானும் பயந்துகிட்டுதான் கெடந்தேன். கெளம்பி வரச் சொல்லு" என்றார்கள். மறுபடி மீனை எடுத்துக்கொண்டார்கள்.

வினோதா மிஸ் என்னைக் கூடவே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். லாட்ஜ் பக்கத்தைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே வந்து உங்களுக்கு என்ன அமையும் என்று எனக்குத் தெரியாது. அதை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். இனி தனியாக மட்டும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாருங்கள்.

ஷஃபீனா

சார்ஜா
8.8.2025

அன்பு ஷஃபீனாவுக்கு,

அடுத்த வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. திருச்சியில் இறங்கி பஸ் ஏறி வந்துவிடுவேன், யாரும் அலைய வேண்டாம்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுப் படுத்தேன். விடிந்து வெகு நேரமாகியும் நான் அசையவில்லையாம். இப்ராஹிம் நானா பயந்துபோய் மூக்கருகில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு தோளைப் பிடித்து உலுக்கி, "தம்பி, என்னாச்சு ஒனக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல நானா," என்றேன். "தூங்குனேன்."

உன்
சேக் பரீது