ஆறாம் தரத்துக்கு ஒரு பெயர்

சண்டிலிப்பாய்,
12.02.2024

என் அன்புத் தக்சா,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம், இவருக்கு மட்டும் முழங்கால் நோ. போனில் சொன்னால் நீ பாதியைக் காற்றில் விட்டுவிட்டு, கடைசி நாளில் "மீனா, என்னத்தை அனுப்பச் சொன்னனீ?" என்று நிற்பாய். பல்கலைக்கழகத்தில் உன்னோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவளுக்கு உன்னைத் தெரியாதா? அதுதான் எழுதுகிறேன். மிருதங்கம் வாசிக்க உன்னிடமும் வருகிற கஜானனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சங்கீதத் தரச் சோதனைக்கு விண்ணப்பம் தொடங்கிவிட்டது. போன வருடம் போல உன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போடுவோம். பட்டியல் நீண்டால்தான் பரீட்சகர் எங்கள் பக்கம் வருவார். இல்லாவிட்டால் விடியவெள்ளன பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டவுனுக்கு ஓட வேண்டும். பரீட்சை நிலையப் பொறுப்பு வழக்கம்போல என் பெயரில் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர், ஒரு படம், முந்திய தரத்துச் சான்றிதழின் பிரதி வேண்டும். அறிமுறையில் சித்தியடையாத பிள்ளையைச் செய்முறைக்கு எழுதிவிடாதே, திருப்பி அனுப்புவார்கள். பெயர் போனபிறகு நாள் மாற்ற ஏலாது, ஆள் மாற்றவும் ஏலாது.

இம்முறை என் வீட்டு ஹோல் வேண்டாம், எங்கள் கோயில் மண்டபத்தில் வைப்போம். இவர் பரிபாலன சபைச் செயலாளர் என்றபடியால் சும்மா தருகிறார்கள். ஃபான், மைக் எல்லாம் இருக்கிறது. பரீட்சகருக்கு மத்தியானச் சாப்பாடு மட்டும் நம் வீட்டில்.

சுணங்காமல் அனுப்படி.

உன் மீனா


தொண்டைமானாறு,
20.02.2024

அன்பு மீனா,

கேட்ட எல்லாம் இதோடு இருக்கிறது. பார், இந்த முறை நான் முந்திவிட்டேன்!

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. ஒவ்வொரு வருடமும் உன் ஊர்தான் நிலையம். உன் பிள்ளைகளுக்கு உன் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு, என் பிள்ளைகளுக்கு வாசலில் நின்று பாசல் சோறு. சின்னதுகள் கேட்கிறதுகள், நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஆறாம் தரத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் என்னிடம், வினோஜா. நல்ல சாரீரம். சான்றிதழோடு ஆவணிக்குள் வந்தால் சங்கீத ரீச்சராக எடுப்பதாக நெல்லியடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் சொல்லியிருக்கிறது. இல்லாவிட்டால் அவளும் கிளிநொச்சி கார்மென்ட்ஸுக்குத்தான்.

அவளுடைய அப்பா முருகேசண்ணையை நீ பார்க்க வேண்டும். கடலால் வந்த கையோடு, நித்திரையும் கொள்ளாமல் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வருவார். "மீன் மணக்கும் ரீச்சர், நான் வெளியிலை இருக்கிறன்" என்று பூவரசுக்குக் கீழே குந்திவிடுவார். போன கிழமை வகுப்பு முடிய வந்து, "ரீச்சர், இண்டைக்குப் பிள்ளை அந்தத் தோடியிலை ஒரு சுத்து விட்டிட்டாள்" என்றார். அனுபல்லவியில் இரண்டாம் சங்கதியை அவள் உண்மையாகவே விட்டிருந்தாள், எனக்கே பிடிபடவில்லை. ஸரிகம தெரியாத மனுஷன்!

அன்புடன்,
தக்சா


தொண்டைமானாறு,
24.05.2024

மீனா,

திங்கட்கிழமை முருகேசண்ணை போய்விட்டார். வள்ளம் பிரண்டுவிட்டது. அடுத்த நாள்தான் உடல் கரைக்கு வந்தது.

சோதனை யூன் எட்டு. துடக்குக் கழிக்கிற அந்தியேட்டி அதற்குப் பிறகுதான். செத்தவீட்டுத் துடக்கோடு வினோஜா கோயில் மண்டபத்துக்குள் கால்வைக்க ஏலாது, எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய தாய், அழுது வீங்கின முகத்தோடு என்னிடம் வந்து, "அந்த மனுசன் கடைசியாக் கதைச்சதும் இந்தச் சோதனையைப் பற்றித்தான். பிள்ளை பாடட்டும் ரீச்சர்" என்கிறா.

பரீட்சகர் எப்படியும் உன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்ட பிறகு உன் ஹோலில் வைத்து இவள் ஒருத்தியைக் கேட்கச் சொல்லு. கால் மணித்தியால வேலை. நிலையப் பொறுப்பு உன் பெயரில் இருப்பதால் நீதான் கேட்க வேண்டும், நான் கேட்டு எடுபடாது. உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை மீனா.

தக்சா


சண்டிலிப்பாய்,
29.05.2024

அன்புத் தக்சா,

வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளையின் தலைவிதியைப் பார்.

நான் பரீட்சகரிடம் வாய்விட்டுக் கேட்டேன். நிலையத்துக்கு வெளியே ஒரு பிள்ளையையும் கேட்கமாட்டாராம். சட்டமாம். துடக்கும் நான் வைத்த சட்டமில்லையே? செத்தவீட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் எடுத்தேன் என்று தெரிந்தால் சபைக்காரர் இவரைத்தான் கேள்வி கேட்பார்கள். என் நிலைமையையும் யோசி.

பிள்ளைக்கு வயதா போய்விட்டது? அடுத்த வருடம் முதல் பெயராக அவளைப் போடுகிறேன். கோபிக்காதே.

உன் மீனா


தொண்டைமானாறு,
11.06.2024

திருமதி மீனாம்பிகை ஆசிரியர் அவர்களுக்கு,

என் பிள்ளைகள் எட்டாம் திகதி உங்கள் மண்டபத்தில் பாடிவிட்டு வந்தார்கள். வாசலில் பாசலும் கிடைத்தது, நன்றி.

அன்று பிள்ளைகளை ஏற்றிவந்த வானில் வினோஜாவும் வந்திருந்தாள். உங்களுக்குத் தெரியாது. கடைசி நேரத்திலாவது உங்கள் மனம் இளகும் என்று நம்பிய விசரி நான், நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். கோயில் வீதியில் நிற்க வேண்டாம் என்று வானை உங்கள் ஒழுங்கைக்குள், உங்கள் மதிலோடு விடச் சொன்னேன். யன்னல் ஓரம் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

மத்தியானம் உங்கள் ஹோலில் கஜானன் மிருதங்கம் சேர்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு. பரிபாலன சபைத் தலைவரின் மகள் தனுஷிகா, ஆறாம் தரம், அதே தோடி. அந்தப் பிள்ளையின் பெரியப்பா கனடாவில் காலமானதற்குக் கண்ணீர் அஞ்சலி உங்கள் சந்தி மதிலில் பசை காயாமல் இருந்ததே, அவர்களுக்குத் துடக்கில்லையா? அதற்காகத்தானே அவளை மண்டபத்தில் கேட்காமல் உங்கள் ஹோலில் கேட்டது? கனடாத் துடக்கு உங்கள் ஹோலுக்குள் வரலாம், எங்கள் கடற்கரைத் துடக்கு மட்டும் வரக்கூடாது. இவ்வளவு காலமும் வாசலில் பாசல் தந்தபோதே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும்.

பரீட்சகர் காரில் ஏறப் போகையில் ஓடிப்போய் மறித்தேன். "அப்பிடி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே. ஒரு பிள்ளையைக் கேட்ட இடத்திலை மற்றதையும் கேட்டிருப்பன்தானே" என்றார். கையிலிருந்த தாளைக் காட்டினார். வினோஜாவின் பெயருக்கு நேரே "சமுகமளிக்கவில்லை" என்று எழுதி, உங்கள் கையெழுத்து. நிலையப் பொறுப்பாளர் ஒப்பமிட்டபிறகு தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்துகொண்டிருந்தாள், மீனா.

இனிமேல் என் பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் பட்டியலில் வராது. டவுன் நிலையத்துக்கு நானே எழுதுவேன். விடியவெள்ளன பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போகிறேன், பரவாயில்லை. உங்கள் பட்டியல் கட்டையாகிப் பரீட்சகர் வராமல் போனால் அது உங்கள் பாடு.

வினோஜா வாற திங்கள் கிளிநொச்சிக்குப் போகிறாள். அந்தியேட்டிக்கு இரண்டு நாள் லீவில் வருவாள்.

அன்று திரும்பி வருகையில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். புத்தூர் தாண்டுகையில் என் பக்கம் திரும்பினாள். "ரீச்சர், தனுஷிகா அனுபல்லவியிலை ஒரு சுத்து விட்டிட்டா" என்றாள். தகப்பனுடைய சொல்.

இப்படிக்கு,
தக்சாயினி
சங்கீத ஆசிரியை

இதற்குப் பதில் எழுதிக் கஜானனிடம் கொடுத்துவிட வேண்டாம். வாங்கமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.