குடிலுக்குப் போட்ட நெல்

டிச. 9, ஞாயிறு

விடியவே மழை. கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். பூசைக்குப் போனவர்களில் பாதிப்பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும்தான்.

இன்று நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டத் தொடங்கிவிட்டேன். சேர்த்தவை:

சீமெந்து பேக் பேப்பர். பின் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் சும்மா தந்தார்கள்.
கோதுமை மா, பசைக்கு.
கரித்தூள், உடுப்புக்குப் போடும் நீலம்.
மூங்கில் ஈர்க்கு, ரிசுப் பேப்பர் மஞ்சளும் சிவப்பும், நட்சத்திரத்துக்கு.
பஞ்சு, நெருப்புக்குச்சி, ஆடுகளுக்கு.
நெல் இன்னும் இல்லை.

காரணம் நேற்றைய போன். மனைவி ஜெசிந்தாவுக்கு ஊரை விட்டு வர ஆமியின் கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது. கப்பல் பதிவிலும் பெயர் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கடலால் திருகோணமலை, அங்கிருந்து பஸ்ஸில் இங்கே கொழும்புக்கு.

"நத்தாருக்கு முதல் வந்திடுவம் போல. என்னப்பா, குடில் கட்டுவீங்களோ? கடையில வாங்கி வைக்கிற வேலை வேண்டாம். அப்பா கட்டினதெண்டு அவனுக்குக் காட்டோணும்."

ஓம் என்றுவிட்டேன். யோசிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன் நான். பிறகு சண்டை வந்து பாதை பூட்டினார்கள். அதற்குப் பிறகு பிறந்தவன் அவன். பதினொரு மாதப் பிள்ளையைத் தகப்பன் நான் இரண்டே இரண்டு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நித்திரை, மற்றதில் அழுகை.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். மற்றவன் விட்ட பிழையைப் பிடிக்கத்தான் தெரியும். கையால் ஒரு சாமான் செய்ததாக நினைவில்லை.

டிச. 11, செவ்வாய்

நேற்றுப் பின்னேரம் மலை கட்டினேன். ஒரு ஸ்டூல், இரண்டு அட்டைப்பெட்டி. அதன்மேல் சீமெந்துப் பேப்பரைப் பசையில் தோய்த்து, கசக்கி, போர்த்திவிட்டேன். பார்க்க நனைந்த சாக்கு. வெட்கமாய் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் மலை.

மெய்யாக மலைதான். மடிப்பெல்லாம் பள்ளத்தாக்கு, கசங்கலெல்லாம் பாறை. விரலால் தட்டினேன், டொக் என்றது. வெறும் மாவும் பேப்பரும். பல் விளக்காமல் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்கினேன்.

அறையைப் பங்கிடுகிற சிவா ஹட்டன் பக்கம். புறக்கோட்டைப் புடவைக் கடையில் வேலை. சைவக்காரன், ஆனால் என்னைவிட அவனுக்குத்தான் நத்தார் அவசரம். மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நல்லாருக்குங்க அண்ணே. ஆனா உச்சியில அம்பது கிலோன்னு எழுதியிருக்கே."

சீமெந்துக் கொம்பனியின் எழுத்து, சரியாக உச்சியில். புரூஃப் பார்க்கிறவன் கண்ணில் படவில்லை. கரி பூசி மறைத்தேன்.

ஜெ. வந்தால் சிவா கூட்டாளியின் அறைக்கு மாறுவதாக ஏற்பாடு. ஏற்கெனவே பையைக் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறான்.

டிச. 12, புதன்

நெல் கிடைத்தது. அச்சகத்து வவுனியாக்காரர் தன் வீட்டில் இருந்ததில் இரண்டு கை அள்ளித் தந்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊறப் போட்டேன். நாளைக்குச் சிரட்டைகளில் மண் நிரப்பிப் பரவ வேண்டும். குடிலைச் சுற்றிப் பச்சையாக நெல் முளைத்து நிற்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இல்லாவிட்டால் குடில் இல்லை.

கீழ் வீட்டு பிலோமினா அன்ரி, வீட்டுக்காரி, மேலே ஏறி வந்து பார்த்தா. சட்டங்கள்: சுவரில் ஆணி கூடாது. மெழுகுதிரி கூடாது. நட்சத்திர பல்ப் இரவு முழுக்க எரியக் கூடாது.

போகும்போது, "சுரூபம் இருக்கோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தா. சூசையப்பர், மாதா, பாலன் யேசு. பாலன் என் பெருவிரலளவு. ஒரு கால்விரல் உடைந்திருக்கிறது.

"கவனம் தம்பி. அது என்ர கலியாணத்துக்கு வந்தது."

டிச. 14, வெள்ளி

லைன் கிடைத்தது. ஜெ. போனைப் பிள்ளையின் வாயடியில் வைத்தாள்.

மூச்சு. பிறகு "ப்பூ". பிறகு போனை நக்குகிற சத்தம்.

அவ்வளவுதான். அச்சகத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், பிள்ளை கதைத்தான் என்று.

நட்சத்திரம் முடிந்தது. இரண்டு தரம் ஈர்க்கு முறிந்தது, ஒரு முனை மற்ற நாலைவிடக் குட்டை. சிவா உள்ளே பல்ப்பைக் கட்டி சுவிட்சைப் போட்டான். முறிவு, பசைக்கறை, கோணல் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம். எதிர் வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் பல்கனிக்கு ஓடிவந்து பார்த்தார்கள். எங்கள் அறையா இது என்று இருந்தது.

டிச. 17, திங்கள்

நெல் முளைக்கவில்லை. ஒன்று கூட இல்லை. நேற்றிலிருந்து புளித்த மணம். தண்ணீர் கூடிவிட்டதோ, மண் சரியில்லையோ என்று மண்டையை உடைத்துவிட்டு, இன்று வவுனியாக்காரரிடம் கேட்டேன்.

"முளைக்கப் போட்டனீரோ? ஐசே, அது அவிச்ச நெல்லெல்லோ. குத்துவிக்க வைச்சிருந்தது. சமைக்கக் கேக்கிறீர் எண்டு நினைச்சன்."

பிறந்த நாள் தொட்டுப் புழுங்கலரிசிச் சோறு தின்கிறவன். அவித்துக் காயவைத்த நெல்லுக்கும் பச்சை நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல், செத்த விதைக்கு நாலு நாள் தண்ணீர் தெளித்திருக்கிறேன். காலையில் எழும்பி மண்டியிட்டுப் பார்த்த பார்வை வேறு.

சிவா சிரித்து உருண்டான். ஆனால் பின்னேரம் புறாத் தீன் விற்கும் கடையில் நெல் வாங்கிக்கொண்டு வந்தான். "இது அவிக்காததான்னு மூணு தடவ கேட்டேங்க. கடைக்காரன் என்னைய ஒரு மாதிரி பாத்தான்."

ஊறப் போட்டாயிற்று. நத்தாருக்கு ஒரு விரல்கணு வளர்ந்தால் பெரிய காரியம். எரிச்சல்.

டிச. 20, வியாழன்

கடல் மோசம். கப்பல் வெளிக்கிடவில்லை.

ஜெ. பிள்ளையோடும் பைகளோடும் துறைமுகத்தில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

"இனி எப்பவெண்டு சொல்லமாட்டினமாம். கிளியரன்ஸ் திகதி முடிஞ்சா திரும்ப முதலிலயிருந்து எழுதிக் குடுக்கோணும்."

"எப்ப முடியுது?"

"மாசக் கடைசி."

லைன் அறும்வரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பயமாக இருக்கிறது. இந்தக் கப்பல் தவறினால் அடுத்த அனுமதி எத்தனை மாதமோ. அதற்குள் அவன் நடந்துவிடுவான், கதைத்துவிடுவான், நான் போனில் வருகிற மாமா ஆகிவிடுவேன்.

வந்து சிரட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு நெல்லிலும் ஒரு வெள்ளை முள்.

டிச. 22, சனி

அரை நாள் வேலை. விடிய எழும்பினால் நெல் பச்சையாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஒரு துளி தண்ணீர், ஒன்று தவறாமல். நான் மேலே தெளிக்கவில்லை, மண்ணில்தான் ஊற்றினேன். உள்ளால் ஏறி வந்து நுனியில் நிற்கிறது. அத்தனை நூறு முளை, அத்தனை நூறு துளி, எல்லாவற்றிலும் எங்கள் ஜன்னல் தலைகீழாக.

சிவாவை எழுப்பிக் காட்டினேன். பாதி நித்திரையில் வந்தவன் அப்படியே குந்திவிட்டான். "யாருங்க இவ்வளவு வேல பாக்குறது" என்றான். கேலி இல்லை. எனக்கும் அதே கேள்விதான். வெயில் ஏற எல்லாம் காய்ந்து போயிற்று.

கப்பல் இல்லை. அன்ரி செபமாலை சொல்லுவதாகச் சொன்னா. சிவா தன் பங்குக்குக் கதிரேசன் கோயிலுக்குப் போய் வந்தான், திருநீறு கொண்டுவந்து மலையின் பின்பக்கம் கொஞ்சம் பூசினான். விட்டுவிட்டேன்.

டிச. 24, திங்கள்

பாதுகாப்பு நிலைமையால் நத்தார்ப் பூசை நேரத்தோடு, பின்னேரமே. கோயில் வாசலில் பை திறந்து காட்டித்தான் உள்ளே விட்டார்கள். பாட்டு நன்றாகப் பாடினார்கள். நான் பாடவில்லை.

பூசை முடிந்து வீடு வந்தால் பாலனைத் தொட்டிலில் வைக்க வேண்டும். எல்லாம் தயார். பழக்கடைப் பெட்டியில் எடுத்த வைக்கோல், நொண்டி ஆடுகள், ஒரு அங்குலப் பச்சை. பாலனைக் கையில் எடுத்தேன். வைக்க முடியவில்லை. கை போகவில்லை.

அன்ரிக்குக் கோபம்.

"பாலனில்லாத குடில் வெறும் மாட்டுக்கொட்டில் தம்பி. உம்மட பிள்ளை பிந்தினால் ஆண்டவரும் பிந்தவேணுமோ?"

"ரெண்டு மூண்டு நாள் அன்ரி. அவன் வந்து பார்க்கேக்க வைப்பம்."

"வராட்டி?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அவவே நினைத்திருக்க வேண்டும். படியிறங்கிப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பையில் கேக் துண்டுகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா.

பாலனைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டிச. 26, புதன்

காலையில் செக்கிங். தெரு முழுக்க. மூன்று பொலிஸ்காரர் மேலே வந்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் பார்த்தார்கள். ஒருவன் சீமெந்துப் பேப்பர் மலைக்குப் பின்னால் வயரைப் பிடித்து இழுத்தான். சிவா சிங்களத்தில் விளக்கினான், நட்சத்திரத்துக்கு என்று. சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம்.

வயதான பொலிஸ்காரர் என் சட்டைப் பையைத் தொட்டார். "மொக்கத மே?" என்னவென்று எடுத்துக் காட்டச் சொன்னார். கைலேஞ்சியை அவிழ்த்தேன்.

அவருடைய அகன்ற உள்ளங்கையில் பாலன், கையை விரித்துக்கொண்டு.

அவர் அதைப் பார்த்தார், வெறும் தொட்டிலைப் பார்த்தார். ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சொன்னேன்: என் மகன் யாழ்ப்பாணத்தில், கப்பலுக்கு நிற்கிறான், நான் இன்னும் அவனைக் கண்டதில்லை, வந்த பிறகு வைக்க இருக்கிறேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு பாலனை என்னிடம் திருப்பித் தந்தார். மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சப்பாத்துச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

டிச. 27, வியாழன்

திருகோணமலையிலிருந்து ஜெ. போன் எடுத்தாள். கப்பல் வந்து இறங்கிவிட்டார்கள்.

"கப்பல் ஆடின ஆட்டத்தில வழி முழுக்கச் சத்தி. அவனுக்கில்லை, எனக்கு. அவன் கடலைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வந்தவன்."

சிவா பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகமுன் அறையைக் கூட்டி, ஜன்னலையும் துடைத்திருக்கிறான்.

எழுத முடியவில்லை.

டிச. 28, வெள்ளி

மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். நல்ல வெயில். இப்போது இரண்டு பேரும் நித்திரை. நான் நிலத்தில் இருந்து எழுதுகிறேன், கட்டில் ஆடிவிடும் என்ற பயத்தில்.

ஜெ. மெலிந்து போனாள். படியில் வைத்து என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. அவன் என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதான். தாயின் கழுத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"அப்பாவடா. இவர்தான் அப்பா."

ம்ஹும். திரும்பிப் பார்க்கிறான், அழுகிறான். பிழையில்லை, நானும் அவனுக்கு ஒரு முன்பின் தெரியாத ஆள்தான். அந்தப் பக்கம் போய்க் குடிலருகே நிலத்தில் குந்தி, வயரைத் திருத்துவதுபோல் இருந்தேன். அவன் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்சத்தில் தவழ்கிற சத்தம்.

நெல் நாலு விரல் உயரம் இப்போது. நத்தாருக்குக் குட்டையாய் நின்றது இன்றைக்கென்று அடர்த்தியாய், கண் கூசுகிற பச்சையாய் நிற்கிறது. நேராக அதனிடம் வந்தான். அழுகை நின்றது. உள்ளங்கையால் நுனிகளைத் தடவினான். குனிந்து கன்னத்தை வைத்தான். பிறகு ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் சிரட்டை நெல் முழுவதும் மண்ணோடு கழன்று கையில் வந்தது. அவனுக்கே அதிசயம். கீழே தொங்கும் வெள்ளை வேர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எட்டுகிறவரை கையை நீட்டினான்.

"ந்தா."

இரண்டு கையாலும் வாங்கினேன். மண் மடியெல்லாம். அவன் மெல்ல வந்து என் முழங்காலைப் பிடித்து எழும்பி நின்றான். என் மகனுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்போதுதான் பிலோமினா அன்ரி கதவடியில் வந்து மெதுவாகக் கேட்டுவிட்டுப் போகிறா, பாலனை வைத்தாச்சோ என்று. பாலன் இன்னும் என் சட்டைப் பையில், அவன் எழும்பட்டும்.