நாற்பத்தோராம் குப்பி

மாமா,

சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. உங்கள் எலிக்காய்ச்சல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது, படித்தேன்.

எழுதியவர்கள் ஐந்து பேர். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, லால்பேட்டைப் பக்கம் இரண்டு மழைக்காலம் சேற்றில் இறங்கி, நடவுப் பெண்கள் நூற்றிருபது பேரிடம் ரத்தம் எடுத்த நான் கடைசி நன்றி வரியில் 'ஒத்துழைத்த மனைவி'. "ஊட்டு ஆளுக்கு எதுக்குடி பேரு?" என்று கட்டுரை எழுதும்போதே சிரித்தீர்கள். அதற்காக இதை எழுதவில்லை.

நாற்பத்தோராம் எண் தில்லையம்மாளுடையது. முப்பது வருடம் வயலில் நின்றதால், நோயே வராமல் அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வளர்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் ரத்தம் இருந்த குப்பி பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது. நீங்கள் கத்துவீர்கள் என்று பயந்து, என் ரத்தத்தை எடுத்து அவர் எண்ணை ஒட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

அதற்கு முந்தைய மாதம் எனக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்தது. கண்கூட மஞ்சளாக இருந்தது. "மழையில நனைஞ்சிருப்ப, மாத்திர போட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு மஞ்சக்குப்பத்துக்கு மீட்டிங் போனீர்கள். அது என்ன காய்ச்சல் என்று உங்கள் அட்டவணையில் நாற்பத்தோராம் எண்ணுக்கு நேரே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கட்டுரை வந்த பத்திரிகைக்கு நீங்களே உண்மையை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் எழுதுவேன். என் பேரைச் சேர்க்க வேண்டாம். என் ரத்தத்தை அதிலிருந்து நீக்கிவிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
நாற்பத்தோராம் எண்