தம்பிக்காக எட்டுக் கிலோ

பிப்ரவரி 12, 2025 - புதன்

மதுரைக்குப் போய் வந்தாயிற்று. எல்லாம் பொருந்துகிறது, தம்பி அனீஸுக்கு என் கிட்னியை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. இருப்பது நான் ஒருத்திதான்.

ஆனால் என் எடை. எட்டுக் கிலோவாவது குறையாமல் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்களாம். "அவசரமில்லம்மா, மெதுவாக் குறைச்சுட்டு ரம்ஜான் முடிஞ்சு வாங்க" என்றார்.

அவசரமில்லையாம். ரியாத்தில் மாடி மாடியாக ஏசி மாட்டிக்கொண்டிருந்த என் தம்பி, முகமும் காலும் வீங்கி ஊர் வந்து சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இடது கையெல்லாம் ஊசி குத்திய முடிச்சு. எப்படி அவசரமில்லாமல் போகும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் பெண்டாட்டி ஷஹீனா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அருப்புக்கோட்டை வரும் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு நன்றி வேண்டாம். முகத்தையாவது காட்டலாமே?

பிப்ரவரி 13

விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுத் திருச்சுழி ரோட்டில் நடந்தேன். கருவேலங்காடு வரை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பிப்ரவரி 17 - திங்கள்

நடை மட்டும் போதாது. பாளையம்பட்டியில் செல்போன் கடை மாடியில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருக்கிறது. சேர்ந்துவிட்டேன். நடத்துகிற அனுசியா என்னைவிடப் பத்து வயது சின்னவள், கபடி ஆடியவளாம். புர்காவோடு படியேறியவளைப் பார்த்து அங்கிருந்த யாரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய தைரியம்.

உட்கார்ந்து எழும்பச் சொன்னாள். கையில் பாட்டிலைக் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். என்னால் முடியும் என்றே தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 19

அல்லாஹ்! தொடை என்னுடையதுதானா? கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. படியில் ஏறுவதுகூடச் சரி, இறங்குவதுதான் கொடுமை. கக்கூஸில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தொழுகையில் நெற்றி தரையில் பட சஜ்தாவுக்குக் குனிந்தவள் எழும்ப முடியாமல் அப்படியே கிடந்தேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய், என்னமோ ஏதோவென்று தோளைத் தொட்டார். அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை.

"இந்த வலியெல்லாம் நமக்குத் தேவையா?" என்றார் இவர். கேட்டது இந்த வலியைப் பற்றி மட்டுமல்ல, எனக்குத் தெரியும். கிட்னி கொடுக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். சகாபுதீன் அப்படித்தான்.

பிப்ரவரி 21

அனுசியாவிடம் சொன்னேன். "புதுசா வேலை குடுத்தா சதை நோகத்தான் செய்யும்க்கா. ரெண்டு மூணு நாள்ல தானா விட்டுரும். நோவு இருக்கையில அதே எடத்துக்கு மறுபடி வேலை குடுத்துறாதீக. லேசா நடங்க, தண்ணியக் குடிங்க, ஒறங்குங்க" என்றாள்.

சொன்ன மாதிரியே இன்று சாயங்காலம் வலி குறைந்துவிட்டது. குறைந்ததும் என்னவோ பயமாக இருந்தது. வலித்தால்தானே எடை குறைகிறது என்று அர்த்தம்?

பிப்ரவரி 27

ஒரு கிலோ குறைந்திருக்கிறது. ஒன்றே ஒன்று.

மார்ச் 2 - ஞாயிறு

முதல் நோன்பு. நோன்பு மாதத்தில் ஜிம்முக்கு வர வேண்டாம், நடந்தால் போதும் என்று அனுசியா சொல்லிவிட்டாள். மாதம் முழுக்க நடந்துகொண்டிருந்தால் பெருநாளுக்குள் எப்படிக் குறையும்?

மார்ச் 5

டயாலிசிஸில் அனீஸுக்கு பிரஷர் இறங்கிவிட்டது. மிஷினை நிறுத்திக் காலைத் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் கண் திறந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உதடு வெளுத்துப்போய், சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த மாதிரியே இருந்தான்.

கண் திறந்ததும், "பயந்துட்டியாக்கா?" என்று கேட்கிறான். அவன் கேட்கிறான்!

மார்ச் 6

இவர் கடைக்குப் போனதும் அறையைச் சாத்திக்கொண்டேன். உட்கார்ந்து எழும்பினேன். கால் நடுங்கும் வரைக்கும், நடுங்கின பிறகும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 7

இன்றும் செய்தேன். வலி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 8

இது முந்தி வந்த வலி இல்லை. தொடை கல் மாதிரி இறுகி வீங்கியிருக்கிறது. முழங்காலை மடக்கவே முடியவில்லை. நோன்பு திறந்ததும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது - வலி மாத்திரை தொடவே கூடாது, கிட்னிக்கு ஆகாது என்று மதுரை டாக்டர் தலைபாடாகச் சொல்லியிருந்தார். ஒரு மாத்திரைதானே.

மார்ச் 9

ஒண்ணுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. சூடாக இருக்கும். வெயில், நோன்பு, தண்ணி இல்லை. அதுதான். வேற என்ன இருக்கப் போவுது? யார்ட்டயும் சொல்ல வேண்டாம். சொன்னா டாக்டர் வேண்டாம்னுருவாரு. எல்லாம் போயிரும்.

மார்ச் 13 - மதுரை, ஆஸ்பத்திரி

இன்றுதான் எழுத முடிகிறது. கையில் ஊசி.

பத்தாம் தேதி நோன்பு திறக்க அம்மா வீட்டுக்குப் போனோம். கஞ்சி குடித்துவிட்டுத் தரையிலிருந்து எழப் பார்த்தேன், முடியவில்லை. ஷஹீனா கை கொடுத்தாள், அப்போதும் முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அனீஸ் மட்டும் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஒனக்கு யூரின் என்ன கலர்ல போகுது?"

"சீ, என்னலே கேள்வி இது. எல்லாரும் இருக்காக."

"இருக்கட்டும். என்ன கலரு?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவே அவனுக்குப் போதும். உடனே காருக்குப் போன் போட்டான். அன்று காலையில்தான் டயாலிசிஸ் முடித்து வந்திருந்தான். நிற்கவே அவனுக்குத் தெம்பில்லை. அந்த உடம்போடு மதுரை வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

உடம்பு தாங்காத வேலையை ஒரேயடியாகப் போட்டதில் சதை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியைப் பாதித்துவிட்டதாம். தண்ணீர் குடிக்காததும் மாத்திரையும் சேர்ந்துகொண்டன. "புது உடற்பயிற்சியில வர்ற வலி வேற, இது வேறம்மா. கலர் மாறின அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏறுகிறது. எனக்கே டயாலிசிஸ் வேண்டியிருக்குமோ என்று நேற்று வரை பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று பயமில்லை என்கிறார்கள்.

கிட்னி கொடுக்கிறதைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் இவரைப் பார்த்தார்.

மார்ச் 15

ஷஹீனா வந்தாள். ஆரஞ்சை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அவசரப்பட்டு இப்பிடிப் பண்ணிட்டீகளே மதினி. ஒங்களத்தானே நாங்க எல்லாரும் நம்பி இருந்தோம்."

சுளையை வாங்கித் தின்றேன்.

மார்ச் 31 - பெருநாள்

வீட்டில்தான் இருக்கிறேன். தொடை வற்றி, நடை தள்ளாடுகிறது. பிரியாணி மணம் தெருவெல்லாம். அனீஸ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "நீ குடுக்க வேணாம்க்கா. நான் முன்னமே சொல்லியிருக்கணும். ஒன்னயப் படுக்க வச்சு நான் எந்திரிச்சு நடக்கவா?" என்றான்.

"நான் குடுப்பேன்" என்றேன்.

"வாய மூடுக்கா."

ரெண்டு பேரும் அழுதோம். பெருநாள் அன்றைக்கு.

மே 20

மெதுவாக நடக்கிறேன். தெருமுனை வரை. வலிக்க ஆரம்பித்தால் நின்றுவிடுகிறேன். எட்டுக் கிலோவுக்கு மேலேயே குறைந்துவிட்டது - வேண்டிய நேரத்தில் குறையாமல், நோயில் குறைந்தது.

ஜூலை 7 - திங்கள்

மதுரை. எல்லாச் சோதனையும் மறுபடி எடுத்தார்கள். நான் பிழைத்துக்கொண்டேன், பயமில்லை. ஆனால் புரதம் இன்னும் கொஞ்சம் கசிகிறது. "உங்க ரெண்டு கிட்னியும் உங்களுக்கு வேணும்மா. உங்ககிட்ட இருந்து எடுக்க மாட்டோம். இப்பவும் சரி, இனியும் சரி" என்றார் டாக்டர்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். இவர் தண்ணீர் வாங்கி வந்தார். இவர் முகத்தில் நிம்மதி. அதை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கூடப்பிறந்தவனைக் காப்பாத்தப் போயி நானே கெடுத்துட்டேனே.

ஜூலை 9

ஷஹீனா தனியாக வந்தாள். பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள்.

"மதினி, நான் டெஸ்டுக்குப் போறேன்."

"ஒனக்கு ரத்த குரூப்பே வேறயாச்சேடி."

"வேறதான். நம்மள மாதிரியே சேராத இன்னொரு குடும்பம் இருந்தா மாத்திக்கிடலாமாம். அவுக வீட்டாளு இவுகளுக்குக் குடுப்பாக, நான் அவுக நோயாளிக்குக் குடுப்பேன். முதல்லயே டாக்டர்ட்ட கேட்டேன்."

"முதல்லயேன்னா?"

"நீங்க டெஸ்டுக்கு வர்றதுக்கு முந்தியே. ஒங்க அம்மா, மாமிதான் நான் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக. ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துட்டா பிள்ளைகள யாரு பாப்பான்னு. அன்னைக்கு பஸ்ஸுல ஒங்க முகத்தப் பாக்க முடியல மதினி. என் புருசனுக்கு நீங்க குடுக்கீக, நான் சும்மா ஒக்காந்திருக்கேன்."

நான் அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "பிள்ளைகள நான் பாத்துக்கிறேன். அம்மாட்ட நான் பேசுறேன்" என்றேன். எனக்குக் கொடுக்க மிச்சமிருந்தது அதுதான்.

செப்டம்பர் 18

தேனிப் பக்கத்து நோயாளி ஒருவர், கிட்னி கொடுக்க அவர் மனைவி. கணக்கு ஒத்துவருகிறது என்று போன் வந்தது. ஷஹீனா கொடுக்கக் கூடாதென்று அம்மா முதலில் போட்ட சண்டையை இப்போது யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

டிசம்பர் 11 - வியாழன்

நேற்று நாலு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் முடிந்தது. அனீஸ் கண்ணாடி அறைக்குள் இருக்கிறான். அவனுக்குள் வைத்தது வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். ஷஹீனாவின் கிட்னி தேனிக்காரர் உடம்பில் இருக்கிறது. அவருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். காலையில் கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஷஹீனாவுக்கு இடுப்பில் வலி தாங்கவில்லை. நர்ஸ் அவளை இன்றே எழுந்து நாலடி நடக்கச் சொல்கிறாள். என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "ஜன்னல் வரைக்கும் போவோம் மதினி" என்றாள். "இன்னைக்குக் கதவு வரை போதும்" என்று திருப்பிக் கூட்டி வந்து படுக்க வைத்தேன்.