திருட்டுக் கன்று

3 மார்ச் 1942

மைதானத்தைக் கூறுபோட்டு, காய்கறி பயிரிட நகரவாசிகளுக்குக் கொடுத்ததிலிருந்து எனக்கு ஒரு காலையும் நிம்மதியாக விடியவில்லை. போரினால் கப்பல் நின்றுவிட்டது, இந்த அந்நிய ஊரின் பெரிய சந்தையான ‘பென் தான்’ பக்கம் போய் விலை கேட்க முடியவில்லை. வேறு வழியும் இல்லை. அடுத்த பாத்தி ஞானம்பாளுடையது. காரைக்கால்காரி. புருஷன் சிப்பாய், பிரான்சில் ஜெர்மானியரிடம் கைதி. பிள்ளைகள் நாலும் அந்தப் பாத்தியை நம்பித்தான் சாப்பிடுகின்றன. பாவம்தான். அதற்காக என் வெண்டைச் செடிமேல் வாளியை வைக்க வேண்டுமா?

6 மார்ச்

என் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் காணோம். மாரியம்மன் கோயில் மரத்தின் பழத்தை வாங்கி வந்து முளைக்கவைத்தது. வேர் அறாமல், மண்ணோடு பெயர்த்திருக்கிறார்கள். ஆடு இப்படிச் செய்யாது.

7 மார்ச்

தோட்டக் கமிட்டியில் புகார் கொடுத்தேன். குமாஸ்தா கப்ரியேல் புதுச்சேரிக்காரர். பதவி வந்தபின் தமிழ் மறந்துபோனவர். "திருடியவருக்குப் பாத்தி பறிபோகும், மத்முவாசேல் ஐரேன்" என்றார், பிரெஞ்சில், மகிழ்ச்சியாக. போகட்டும். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

10 மார்ச்

கன்று ஞானம்பாள் பாத்தியில்! மறைக்கக்கூட இல்லை.

"ஏன் எடுத்தே?"

"திருடி வச்சாத்தானேக்கா கருவேப்பில தழைக்கும்? உங்க ஊர்ல சொல்லமாட்டாங்க?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அதுக்குத்தான் கேக்கல."

"நான் பிரான்சுக்குப் போய் மோன்பெலியேயில தாவரவியல் படிச்சவ, ஞானம்பாள்."

"படிச்சீங்க, சரி. அப்புறம் ஏன் உங்க கன்னெல்லாம் வாடுது?"

தலையிலே அடிச்சுக்கலாம் போல இருக்கு.

11 மார்ச்

புகாரைத் திருப்பிக் கேட்டேன். பதிவாகிவிட்டதாம். நாளை தலைவரே நேரில் வருகிறார். பாத்தி போனால் அந்தப் பிள்ளைகள் எதைத் தின்னும்? இதை ஏன் நான் ஏழாம் தேதி யோசிக்கவில்லை?

12 மார்ச்

தலைவர் வெள்ளைக்காரர், வெயில் தாங்காதவர். கப்ரியேல் குடை பிடித்தார். கன்றைக் காட்டி, "இதுதானே?" என்றார் தலைவர்.

"நான்தான் கொடுத்தேன். மறந்துபோய்ப் புகார் எழுதிவிட்டேன்" என்றேன்.

ஞானம்பாளுக்குப் பிரெஞ்சு அரைகுறை. அந்த அரைகுறையிலேயே புரிந்துகொண்டு குறுக்கே பாய்ந்தாள். "ஐயையோ, பொய்யி! அவங்க குடுக்கல, நான்தான் திருடினேன்!" கொடுத்த கன்று பட்டுப்போகுமே என்ற கவலை. தன் பாத்தி போவது பற்றி இல்லை!

"என்ன சொல்கிறாள்?" என்று தலைவர் கப்ரியேலைக் கேட்டார்.

கப்ரியேல் என்னைப் பார்த்தார். "எனக்கு அந்த மொழி தெரியாது, மிஸியே."

பொய்ப் புகாருக்காக என் பாத்தி போயிற்று.

13 மார்ச்

பாத்தியைக் காலி செய்து, விதைப் பொட்டலங்களை எடுத்து வந்தேன். மண்வெட்டியை அங்கேயே மறந்துவிட்டேன்.

29 மார்ச்

மண்வெட்டியை எடுத்துவரப் போனேன். "நின்னுகிட்டு என்ன பாக்கறீங்க, அந்தக் கோரையப் புடுங்குங்க" என்றாள் ஞானம்பாள். பிடுங்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

9 மே

மழை பிடித்துவிட்டது. கறிவேப்பிலை ஓர் இலை பழுத்தாலும் என் பொய்தான் காரணமாம். வாரம் தவறாமல் ஏச்சு.

இன்று இன்னொன்று. தண்ணீர்ப் பங்கு பிரிக்க, வீட்டில் யார் யார் என்று கப்ரியேல் கேட்டிருக்கிறார். ஞானம்பாள் பிள்ளைகளைச் சொல்லி, கடைசியில் "எங்க அக்கா ஐரேன்" என்றும் சொல்லியிருக்கிறாள். அவரும் எழுதிக்கொண்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமிட்டிக்குப் போய்த் திருத்தச் சொல்ல வேண்டும். இன்று மழை. நாளை புடலைக்குப் பந்தல் போட வேண்டும்.